வெண்கொக்கும் சிறுமியும்

உடல் வளர்வதை ஊரார் காண்பர். சென்ற ஆண்டு அளவெடுத்துத் தைத்த சட்டை இந்த ஆண்டு குறுகிவிட்டதென்றால், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பெற்றோர் மகிழ்வர். உள்ளம் வளர்வதை அளந்தறிய அத்தகைய சட்டை எதுவும் இல்லை. அவ்வளர்ச்சி ஆரவாரமின்றி நிகழ்வது. அருகில் இருப்பவரும் அதனை அறியார். சில வேளைகளில் அதனைப் பிடிவாதம் என்று கருதிக் கடிந்துகொள்வதும் உண்டு. பிறர் காணாத அந்த வளர்ச்சியை எடுத்துக்காட்டுவது சிறுகதையின் அரிய பணிகளுள் ஒன்று.

அப்பணியைச் செவ்வனே செய்த கதைகளுள் ஒன்று 'வெண்கொக்கு' என்பது. சாரா ஆர்ன் ஜூவெட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் அதனை 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் 1849ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெயின் மாநிலத்தில், தெற்குப் பெர்விக் என்னும் ஊரில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் ஒரு மருத்துவர். இளமையில் உடல் நலிவுற்றிருந்த மகளை, நோயாளிகளைக் காணச் செல்லும்போது தந்தையார் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். காட்டு வழிகளும், கடற்கரைச் சிற்றூர்களும், எளிய உழவர் இல்லங்களும் அவ்வாறே அவருக்கு அறிமுகமாயின. 1909ஆம் ஆண்டில் மறையும் வரையில், தாம் அறிந்த அந்த நிலத்தையும் மக்களையும் பற்றியே அவர் மிகுதியாக எழுதினார்.

கதைத் தலைவி சில்வியா ஒன்பது வயதுச் சிறுமி. இலத்தீன் மொழியில் 'சில்வா' என்பது காட்டைக் குறிக்கும் சொல். ஆகவே சில்வியா என்னும் பெயர் காட்டுக்கு உரியவள் என்னும் பொருளைத் தரும். எனினும் அவள் காட்டில் பிறந்தவள் அல்லள். தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊரின் நெருக்கடியில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தவள். மகளின் வீட்டில் குழந்தைகள் பலர் இருக்கக் கண்ட பாட்டி, அவர்களுள் சில்வியாவைத் தெரிந்தெடுத்துத் தன் பண்ணைக்கு அழைத்து வந்தாள். பண்ணைக்கு வருமுன் தான் உயிரோடு இருந்ததாகவே சிறுமிக்குத் தோன்றவில்லை. நகரத்தில் அண்டை வீட்டார் ஒருவரிடம் நலிந்து கிடந்த ஜெரேனியம் செடி ஒன்றை அவள் அடிக்கடி இரக்கத்தோடு எண்ணிக்கொள்வாள். அச்செடியின் நிலையே அவளுடைய பழைய நிலை என்பதை ஆசிரியர் விளக்கவில்லை. செடியை மட்டும் காட்டிவிட்டு மேலே செல்கிறார்.

ஈண்டு ஒன்றை நினைவுகூர்தல் தகும். மரமும் புள்ளும் விலங்கும் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் கருப்பொருள் எனப்படும். அக்கருப்பொருள்களின் வாயிலாக மாந்தரின் உள்ளத்து நிகழ்ச்சியைக் குறிப்பாகப் புலப்படுத்துவதைத் தொல்காப்பியனார் உள்ளுறை என்றார். உவமையில் 'போல' என்னும் உருபு நின்று ஒப்புமையைக் காட்டும். உள்ளுறையில் அவ்வுருபு இல்லை. கற்பவன் தானே உணர்ந்துகொள்ள வேண்டும். ஜூவெட் அம்மையார் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். ஆயினும், இயற்கையோடு ஒன்றி வாழ்ந்த இருவேறு மக்கள், இருவேறு காலங்களில், ஒரே நெறியைக் கண்டனர் எனலாம். தமிழ் மாணவர்க்கு இக்கதை அயலாகத் தோன்றாமைக்கு அதுவே காரணம்.

கதை ஒரு சூன் மாதத்து அந்திப்பொழுதில் தொடங்குகிறது. சில்வியா பசுவை வீட்டுக்கு ஓட்டி வருகிறாள். பசுவும் அவளும் வழியை நன்கு அறிந்தவர்கள். இருள் சூழ்வதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. அப்போது ஒரு சீழ்க்கை ஒலி கேட்கிறது. அது பறவையின் ஒலியன்று, மனிதனின் சீழ்க்கை. நகரத்தில் தன்னைத் துரத்தி அச்சுறுத்திய முரட்டுச் சிறுவன் ஒருவனை அவள் சற்று முன்னர்தான் நினைத்திருந்தாள். இவ்வொலி அவ்வச்சத்தை எழுப்புகிறது. துப்பாக்கி ஏந்திய இளைஞன் ஒருவன் வந்து இனிமையாகப் பேசி, அவள் பெயரைக் கேட்கிறான். தலை குனிந்து நிற்கும் சிறுமியின் வாயிலிருந்து பெயர் அரிதாகவே வெளிப்படுகிறது.

அவன் தீயவன் அல்லன். பறவைகளைப் பற்றி ஆராய்பவன், பண்பாகப் பழகுபவன். பாட்டியின் வீட்டில் அன்றிரவு தங்கிய அவன், தான் பறவைகளைச் சுட்டும் பிடித்தும் பாடம் செய்து சேர்த்து வைப்பதைப் பற்றிக் கூறினான். அப்பகுதியில் அதுவரையில் காணப்படாத வெண்கொக்கு ஒன்றைத் தான் பார்த்ததாகவும், வேறு வேட்டைப் பறவை எதுவும் துரத்தியதால் அது தன் நிலத்தை விட்டு வந்திருக்கலாம் என்றும் சொன்னான். அதன் கூட்டைக் காட்டுவோர்க்குப் பத்து டாலர் தருவதாகவும் அறிவித்தான். அந்தக் கொக்கைச் சில்வியா முன்னரே கண்டிருந்தாள். சதுப்பு நிலத்துப் பசும்புல்லிடையே அது நின்ற இடத்துக்கு அருகில் ஒருமுறை அவள் மெல்லச் சென்றதுண்டு. அவள் நெஞ்சு படபடத்தது. அந்தப் பத்து டாலரைக் கொண்டு எத்தனை பொருள்கள் வாங்கலாம் என்று எண்ணிப் பார்த்தும் அவளுக்குக் கணக்கு முடியவில்லை.

கொக்கும் சிறுமியும் ஒரே நிலையில் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். இருவரும் அவ்வூருக்குப் புதியவர். இருவரும் பிறந்த இடத்தை விட்டு வந்து, காட்டின் அமைதியில் அடைக்கலம் பெற்றவர். கொக்கைத் துரத்தியது வேட்டைப் பறவை என்று கருதுகிறவன் துப்பாக்கி ஏந்திய மனிதன் என்பதும் எண்ணத்தக்கது. இவ்வொப்புமைகளுள் ஒன்றையேனும் ஆசிரியர் வெளிப்படையாகக் கூறவில்லை.

மறுநாள் முழுவதும் சிறுமி அந்த இளைஞனோடு காட்டில் திரிந்தாள். அவன் அவளுக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசளித்தான். பறவைகளின் இயல்புகளைப் பற்றிப் பலவும் சொன்னான். அவள் உள்ளம் அவன்பால் ஈர்க்கப்பட்டது. ஆயினும், இத்துணை விரும்பும் பறவைகளை இவன் ஏன் கொல்கிறான் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. துப்பாக்கி இல்லாமல் வந்திருந்தால் அவனை இன்னும் மிகுதியாக விரும்பியிருப்பாள். காடு முழுவதையும் அறிந்தவள் அவளே, எனினும் அவள் முன்னே நடந்து வழிகாட்டவில்லை, பின்னே நடந்தாள். கேள்வி கேட்கப்படாமல் தானே பேசினால், தன் குரலே தன்னை நடுங்கச் செய்யும் என்னும் நிலையில் இருந்தாள். இது அச்சத்தால் விளைந்த பேசாமை. கதையின் முடிவில் வேறொரு பேசாமை வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு மரம்.

அம்மரம் ஒரு பெரிய பைன் மரம். வீட்டிலிருந்து அரை மைல் தொலைவில், நிலம் மிக உயர்ந்த இடத்தில் அது நின்றது. அதனோடு ஒத்த மரங்களையெல்லாம் வெட்டி வீழ்த்திய மரவெட்டிகளும் இறந்து மறைந்துவிட்டனர். எல்லைக் குறியாக விடப்பட்டதோ, வேறு எக்காரணத்தால் விடப்பட்டதோ, தன் தலைமுறையில் அது ஒன்றே எஞ்சியது. சுற்றிலும் இளங்காடு மீண்டும் வளர்ந்து சூழ்ந்தபோதும், அதன் உச்சி அக்காட்டுக்கு மேலே எழுந்து, கடலிலும் கரையிலும் உள்ளோர்க்கு அடையாளமாக விளங்கியது. அதன் மீது ஏறினால் கடலைக் காணலாம் என்று சில்வியா நெடுநாள் எண்ணியிருந்தாள். இப்போது மற்றொன்றும் தோன்றியது: அங்கிருந்து பார்த்தால் கொக்கு புறப்படும் இடமும் தெரியும், அதன் கூடும் தெரியும்.

அன்றிரவு அவள் உறங்கவில்லை. பொழுது புலருமுன் ஒருவரும் அறியாமல் எழுந்து சென்றாள். பைன் மரத்தின் தாழ்ந்த கிளைகளும் எட்டாத உயரத்தில் இருந்தமையால், பக்கத்தில் இருந்த ஓக் மரத்தில் முதலில் ஏறினாள். அது அவள் முன்னரும் ஏறிப் பழகிய மரம். அதன் மேற்கிளையிலிருந்து பைன் மரத்துக்குத் தாவிக் கடந்தபோதுதான் உண்மையான முயற்சி தொடங்கியது. பழகியதை விட்டுப் பழகாததைப் பற்றும் அந்த ஒரு கணமே இளமையின் இடர்மிகுந்த கணம். பின்னே இருந்த கிளை கைவிட்டுப் போயிற்று, முன்னே இருப்பது தாங்குமோ என்பது தெரியாது. காய்ந்த சுள்ளிகள் அவளைக் கீறின. மரப்பிசின் ஒட்டிக்கொண்டதால் விரல்கள் விறைத்தன. பறவையின் நகங்களைப் போல விரல்களால் பற்றிப் பற்றி மேலே சென்றாள். ஏற ஏற மரமும் உயர்ந்துகொண்டே போவதாகத் தோன்றியது.

இந்த ஏற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. அவள் ஏறத் தொடங்கியது கொக்கின் கூட்டைக் கண்டு இளைஞனுக்குச் சொல்வதற்காகவே. விருந்தினன் மகிழ்வான், பாட்டி மகிழ்வாள், தானும் பாராட்டப் பெறுவாள் என்னும் எண்ணமே அவளை மேலே உந்தியது. உச்சியை அடைந்தபோது அவள் கண்டவை வேறு. எழுகதிரின் ஒளியில் கடல் பரந்து கிடந்தது. எப்போதும் அண்ணாந்து பார்த்துப் பழகிய பருந்துகள் இப்போது அவளுக்குக் கீழே பறந்தன. காடுகளும், பண்ணைகளும், ஊர்களும் தொலைதூரம் தெரிந்தன. உலகம் இத்துணைப் பெரிது என்பதை அவள் முதன்முறையாக அறிந்தாள்.

அப்போது, கீழே சதுப்பு நிலத்தில் பட்டுப்போன ஹெம்லாக் மரம் ஒன்றன் அருகிலிருந்து ஒரு வெண்புள்ளி எழுந்தது. அது பெரிதாகிப் பெரிதாகி மேலே வந்து, மெல்லிய கழுத்தை நீட்டியவாறு அவளைக் கடந்து சென்று, அவள் இருந்த கிளைக்குச் சற்று அப்பால் அம்மரத்திலேயே அமர்ந்தது. கூட்டில் இருந்த துணையை நோக்கிக் குரல் கொடுத்தது; இறகுகளைக் கோதிக்கொண்டது. அவள் அசையவில்லை. சிறிது நேரம், கடலையும் காலையையும் அக்கொக்கும் அச்சிறுமியும் ஒருங்கே பார்த்திருந்தனர். தேடி வந்த பொருளாக இருந்த பறவை, அக்கணத்தில் உடனிருக்கும் உயிராக ஆகிவிட்டது. அவள் அறிய விரும்பிய இரகசியம் கிடைத்தது. அதனோடு, கேட்காத ஒன்றும் கிடைத்தது. அது தோழமை.

கிழிந்த உடையும் பிசின் படிந்த கைகளுமாக அவள் வீடு திரும்பினாள். பாட்டியும் விருந்தினனும் வாயிலில் நின்று வினவினர். அவளைச் சிறப்பிக்கும் தருணம் வந்துவிட்டது. பட்டுப்போன மரத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும். பாட்டி சினந்தாள்; இளைஞனின் கண்கள் அன்போடு அவளை நோக்கின. பணம் வந்தால் வறுமை தீரும். அவள் பேசவில்லை. பைன் மரத்தின் முணுமுணுப்பு அவள் செவியில் ஒலித்தது. பொன்னொளியில் பறந்து வந்த கொக்கு அவள் நினைவில் நின்றது. அதன் உயிரைக் கொடுத்துவிட அவளால் இயலவில்லை.

இதுவே இரண்டாவது பேசாமை. முன்னது வாய் அஞ்சியதால் வந்தது. பின்னது உள்ளம் உறுதி கொண்டதால் வந்தது. புறத்தே நின்று நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நேற்றும் பேசாத பெண், இன்றும் பேசாத பெண் என்றே பாட்டி கருதியிருப்பாள். இடையே அவள் வளர்ந்துவிட்டாள் என்பதைக் கதையை உடனிருந்து கற்றவரே அறிவர்.

இம்முடிவை ஏற்க மறுப்போரும் உண்டு. ஏழைப் பாட்டியின் துன்பத்தை விட ஒரு கொக்கு பெரியதோ? விருந்தினனின் வேண்டுகோளை மறுத்தல் முறையோ? பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சி அறிவுக்குப் பயன்படாதோ? இவ்வினாக்களை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. கதையாசிரியரும் தள்ளவில்லை. பாட்டியின் வறுமையையும், இளைஞனின் இனிய குணத்தையும் அவர் குறைத்துக் காட்டினார் அல்லர். குறைத்துக் காட்டியிருந்தால் சிறுமியின் முடிவு எளிதாகியிருக்கும். எளிதான முடிவில் வளர்ச்சி இல்லை.

ஆனால், அந்தப் பத்து டாலருக்கு விலையாகக் கேட்கப்பட்டது எது என்பதை ஆராய வேண்டும். கேட்டது ஒரு செய்தி. கொடுக்க வேண்டியதோ ஓர் உயிர். அதுவும் கூடும் துணையும் உடைய உயிர். வறுமையைப் போக்குவதற்கு வேறு வழிகள் நாளை தோன்றலாம். பாடம் செய்யப்பட்ட பறவை மீண்டும் பறக்கும் வழி என்றும் தோன்றாது. நம்பி அருகில் அமர்ந்ததைக் காட்டிக்கொடுத்தல் எக்காலத்தும் அறமாகாது. விருந்தோம்பல் பேரறமே, எனினும் பிறிதோர் உயிரை அரிந்து பரிமாறும் உரிமையை அது வீட்டார்க்குத் தருவதில்லை. இச்சிறுமி அறநூல் எதனையும் கற்றவள் அல்லள். மரத்தின் உச்சியில் கண்ட காட்சி அவளுக்கு அதனைக் கற்பித்தது.

அவள் முடிவு வெறுங்குழந்தைத்தனம் அன்று என்பதற்கு வரலாறும் சான்று பகர்கிறது. அக்காலத்தில் மேனாட்டு மகளிர் தம் தொப்பிகளில் பறவை இறகுகளைச் சூடுதல் நாகரிகமாக இருந்தது. கதை வெளிவந்த அதே 1886ஆம் ஆண்டில், பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர் நியூயார்க்கு நகரத் தெருக்களில் நடந்து, மகளிர் அணிந்திருந்த தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் இறகுகள் இருந்தன; 40 வகைப் பறவைகளை அவற்றில் அவர் அடையாளம் கண்டார். வெண்கொக்குகளின் அழகிய தூவி, அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் தோன்றும். ஆகவே, தூவிக்காகத் தாய்ப்பறவை கொல்லப்பட்டபோது குஞ்சுகளும் பசியால் மடிந்தன. கதையில் வரும் இளைஞன் இறகு வணிகன் அல்லன்; ஆயினும் கொக்கிற்கு முடிவு ஒன்றே. பத்து ஆண்டுகள் கழித்து, 1896இல், ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் பாஸ்டன் நகரப் பெண்மணிகள் இருவர் பறவைகளைக் காக்க ஒரு சங்கம் தோற்றுவித்தனர். 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. நாடு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சட்டமாக எழுதியதைக் கதைச் சிறுமி ஒரு காலைப் பொழுதில் தன் உள்ளத்தில் எழுதிக்கொண்டாள்.

எனினும், அவள் வென்றாள் என்று முரசறைந்து கதை முடியவில்லை. இளைஞன் ஏமாற்றத்தோடு சென்றான். அவன் சென்றபின் அவள் வருந்தினாள். பசுவோடு திரும்பும் மாலைப் பொழுதுகளில் அவனுடைய சீழ்க்கை ஒலி மீண்டும் கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. முதலில் அச்சுறுத்திய அதே ஒலி இப்போது ஏக்கத்தின் ஒலியாக மாறிவிட்டது. பறவைகள் அவ்வேட்டைக்காரனை விட நல்ல நண்பர்களோ என்று ஆசிரியரும் வினவுகிறார், விடை கூறவில்லை. இங்கேதான் கதையின் உண்மை விளங்குகிறது. நன்மையைத் தெரிந்தெடுத்தால் இழப்பே நேராது என்று இளைஞர்க்குச் சொல்வது அவர்களை ஏமாற்றுவதாகும். நல்லதைத் தெரிந்தெடுத்தவனும் ஒன்றை இழக்கிறான். இழந்ததை எண்ணி வருந்துகிறான். வருந்தியும் தன் முடிவை மாற்றிக்கொள்ளாமல் நிற்கிறான். அதற்குப் பெயர்தான் வளர்ச்சி.

இத்தகைய கதைகளைக் கற்போர் ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். மரம் என்றால் வளர்ச்சி, கடல் என்றால் உலகம், கொக்கு என்றால் தூய்மை என்று பட்டியல் எழுதி மனப்பாடம் செய்தல் பயன் தராது. அது பறவையைச் சுட்டுப் பாடம் செய்வதற்கு ஒப்பாகும்; உருவம் எஞ்சும், உயிர் எஞ்சாது. பைன் மரம் முதலில் பைன் மரமாகவே நிற்க வேண்டும். அதன் பிசின் கையில் ஒட்ட வேண்டும். அதன் சுள்ளி கீற வேண்டும். சிறுமியோடு உடன் ஏறிய வாசகனுக்கே அதன் உச்சியில் உள்ளுறைப் பொருள் கிட்டும். கீழே நின்று பொருள் கேட்பவனுக்கு, அச்சிறுமி விருந்தினனுக்குச் சொல்லாததுபோலவே, கதையும் ஒன்றும் சொல்லாது.

மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஏறவேண்டிய மரம் ஒன்று வாழ்க்கையில் எதிர்ப்படும். பாராட்டையோ பொருளையோ கருதி அவர்கள் ஏறத் தொடங்கலாம், அதில் குற்றமில்லை. உச்சியில் நின்று உலகைக் கண்டபின், எதனைச் சொல்வது, எதனைக் காப்பது என்று துணியும் பொறுப்பு அவர்களுடையது. அன்று வீட்டு வாயிலில் நிற்போர் கடிந்துகொள்ளவும் கூடும். அக்கடுஞ்சொல்லைப் பொறுத்து, ஓர் உயிரைக் காத்து நின்ற ஒன்பது வயதுச் சிறுமியை அவர்கள் அப்போது நினைத்துக்கொள்வார்களாக.